வெறுந்தாளின் முகவரி

பழுதான சர்க்யூட் போர்டு கைக்கு வந்ததும் அவள் முதலில் அதை முகர்ந்து பார்ப்பாள். சலவை இயந்திரத்தினுடையதோ மைக்ரோவேவ் அடுப்பினுடையதோ, கருகிய வாசனை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த மூலையில் கோளாறு என்பதை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வாசனை வராத போர்டுகள்தாம் உயிரை வாங்கும். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றவைப்பாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். ஒரு முழு மதியம் அதிலேயே கரைந்துவிடும். இடையில் இரண்டு வருடம் நீங்கலாக, பதினோரு வருடமாக இதுதான் அவள் தொழில். சர்வீஸ் சென்டரில் எல்லோருக்கும் அவள் போர்டு அக்கா. அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதையும் சிக்கனமாகச் சொல்வாள்.

அந்த இரண்டு வருடம் பழைய இடத்தை மூடிவிட்டதால் வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம். அப்போதுதான் மன்றத்தில் சேர்ந்தாள். இணையத்தில் எத்தனையோ மன்றங்கள் உண்டு, இது சின்னது. புதுப் போன், பழைய கணினி, எந்த நிறுவனம் யாருடைய தகவலைக் கோட்டைவிட்டது, எந்த விளையாட்டு மைக்ரோபோனை ஏன் கேட்கிறது என்று ஐந்நூறு அறுநூறு பேர் தமிழில் அடித்துக்கொள்ளும் இடம். ஒவ்வொரு பேச்சும் ஒரு திரி. திரி நீளும், கிளை விடும், சண்டையாகும், கடைசியில் யாராவது ஒருவர் ஒரு பூனைப் படத்தைப் போட்டு முடித்துவைப்பார். யாருக்கும் உண்மைப் பெயர் கிடையாது. எதிரில் கிடந்த ஈயக் கம்பிச் சுருளைப் பார்த்துவிட்டு அவள் 'சுருள்கம்பி' என்று வைத்துக்கொண்டாள்.

முதல் நாளே ஒருவர், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டில் கைவைக்கலாமா என்று கேட்டிருந்தார். "முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பேசலாம்" என்று இரண்டு வரியில் எழுதினாள். "நன்றி அண்ணே" என்று பதில் வந்தது. திருத்தவேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் திருத்தலாம் என்று விட்டாள். அந்த மறுநாள் வராமலே ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது மன்றத்தின் மூன்று நெறியாளர்களில் அவள் ஒருத்தி. சுருள் அண்ணன் சொன்னால் சண்டைக்காரர்கள் அடங்கிப் போவார்கள். அண்ணனுக்கு ஒரு குடும்பமும் உண்டு. வீட்டுக் கதை எழுதவேண்டி வரும்போது கணவரை 'எங்க வீட்டம்மா' ஆக்கிவிடுவாள். "எங்க வீட்டம்மா டிவி ஓடினால்தான் தூங்குவாங்க, நிறுத்தினால் முழிச்சுக்குவாங்க" என்று எழுதியதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

வீட்டம்மா ஒரு லிப்ட் மெக்கானிக். சுற்று வட்டாரத்தில் உள்ள அடுக்குமாடிகளின் லிப்டுகளில் பாதி அவர் கையில். மனுஷன் அமைதி. லிப்டு இயந்திரத்தில் காதை வைத்துக் கேட்டுக்கேட்டு, பேசுவதைவிடக் கேட்பதே போதும் என்று ஆகிவிட்டவர். கணவரிடம் மன்றத்தைப் பற்றி அவள் சொன்னதில்லை. மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. வேலையில்லாத நாட்களில் பார்க்கிறவர்களெல்லாம் "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்காத ஓர் இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த இடத்தை உள்ளங்கையில் மூடியே வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், போர்டில் பூசிய பசை காய்வதற்குக் காத்திருந்த நேரத்தில், தனியுரிமைப் பகுதியில் ஒரு புதுத் திரியைப் பார்த்தாள். எழுதியவர் பெயர் 'வெறுந்தாள்'. அன்று காலையில்தான் சேர்ந்திருந்தார்.

"வணக்கம். என் மனைவி போனை எப்பவும் கவுத்தே வைக்கிறாங்க. தனியா சிரிக்கிறாங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாங்க. துணி காயப்போடப் போனாலும் போன் கூடவே போகுது. அவங்களுக்குத் தெரியாம அதுல என்ன இருக்குன்னு பார்க்க வழி இருக்கா? தப்பான கேள்வின்னா மன்னிச்சிடுங்க."

கீழே அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. இரண்டாவது நெறியாளரான 'எலிப்பொறி' எழுதியிருந்தார்: "இது பூட்டு விக்கிற கடை சார். சாவி திருடித் தர்ற கடை இல்ல." விளையாட்டுப் பகுதியின் நிரந்தரக் குடித்தனக்காரர் ஒருவர்: "எங்க வீட்டுல நான்தான் போனைக் கவுத்து வைப்பேன். என் மனைவி ஒருநாள் திருப்பிப் பார்த்தா. கேம்ல ஒரு பன்னி வைரம் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. 'இதுக்கா மறைச்சீங்க'ன்னு அழுதுட்டா." இன்னொருவர்: "தனியா சிரிக்கிறாங்கன்னா சந்தேகமே வேணாம், நம்ம மன்றத்தைத்தான் படிக்கிறாங்க."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தாள். படித்து முடித்ததும் மேசையில் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

போன வாரம் துணி காயப்போடும்போது போனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனாள். அதற்கு முன்பு ஒருநாள் சமையலறையில் தனியாகச் சிரித்தபோது, "என்ன?" என்று கணவர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். எத்தனை முறை அப்படித் தனியாகச் சிரித்திருப்பாள் என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை.

மன்றத்தின் விதிப்படி அந்தத் திரியை அவள் அப்போதே பூட்டியிருக்கவேண்டும். அடுத்தவர் போனை வேவு பார்க்க வழி கேட்டால், சொன்னால், திரி பூட்டப்படும். இந்த விதியை எழுதியதே சுருள் அண்ணன்தான். ஆனால் பூட்டிவிட்டால் வெறுந்தாள் போய்விடுவார். போய்விட்டால் அவர் யார் என்பது தெரியாமலே போய்விடும். பூட்டாமல் விட்டாள். எலிப்பொறி தனிச்செய்தியில், "அண்ணே, பூட்டலையா?" என்று கேட்டார். "பாவம், புது ஆள். பார்ப்போம்" என்று எழுதினாள். சுருள் அண்ணன் இதுவரை யாரையும் பாவம் என்று சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரைக் கவனித்தாள். அவர் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு லிப்டுப் பொத்தானைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் போன் பக்கத்தில் கிடந்தது, முகம் மேலே பார்த்தபடி. அவளுடையது கவிழ்ந்து கிடந்தது. மெல்ல நிமிர்த்தி வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பொத்தானைத் துடைத்தார். ஏன் பார்த்தார்? நிமிர்த்தி வைத்ததற்கா? எப்போதும் இப்படித்தான் பார்ப்பாரா? பத்து வருடமாகக் கூடவே இருக்கிற மனுஷன் எப்படிப் பார்ப்பார் என்பதே திடீரென்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் அவள் எட்டிப் பார்த்தாள்.

நெறியாளர்களுக்கு மட்டும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒரு பதிவு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பிலிருந்து, வந்தது என்று காட்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். அதை அவர்கள் 'எட்டிப் பார்ப்பது' என்பார்கள். சும்மா எட்டிப் பார்க்கக்கூடாது. பார்க்கிறவர் பதிவேட்டில் காரணம் எழுதவேண்டும், மற்ற இரண்டு நெறியாளர்களும் அதைப் படிப்பார்கள். இதுவும் அவள் கொண்டுவந்த வழக்கம்தான். ஆறு வருடத்தில் அவள் நாலே நாலு முறைதான் பார்த்திருக்கிறாள். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. 'விளம்பரக் கணக்கு என்று ஐயம்' என்று அடித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் 'ஐயம்' என்று கொஞ்சம் இலக்கணமாகவே வந்துவிட்டது.

நான்கு எண்கள் வந்தன. பிறகு தன்னுடைய பதிவுகளில், வீட்டிலிருந்து எழுதிய ஒன்றை எடுத்து அதன் முகவரியைப் பார்த்தாள். அதே நான்கு எண்கள். ஒரு புள்ளி பிசகவில்லை.

சரிசெய்து முடித்த ஒரு போர்டை மறுபடி திறந்து, பழுது தேட ஆரம்பித்துவிட்டாள்.

கவுண்டரில் வரிசை எண் கொடுக்கும் பெண்ணுக்கு 'டோக்கன்' என்று பெயர். மதியம் சாப்பிட வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி கருகின போர்டு மாதிரி இருக்கு? வாசனைகூட வருது."

"ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி. அவ வீட்டுக்காரர் அவளுக்குத் தெரியாம அவ போனைப் பார்க்கணும்னு நினைக்கிறாராம்."

"தெரிஞ்ச ஒருத்தியா?"

"ஆமா."

"அந்தத் தெரிஞ்ச ஒருத்தி இன்னிக்கு காலையில நல்லா இருந்த போர்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு முழிச்சாங்களா?"

போர்டு அக்கா சாப்பாட்டைப் பார்த்தாள்.

"சரி, விடுங்க. அவ போன்ல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்போ எடுத்து நீட்டிட வேண்டியதுதானே! இந்தாய்யா, பார்த்துக்கோ, ஒண்ணுமில்லன்னு."

"ஒண்ணுமில்லதான். ஆனா அது அவளோடது."

டோக்கன் மென்றுகொண்டே யோசித்தாள். "புரியலைக்கா. இருக்கிறதை ஒளிச்சா புரியும். இல்லாததை எதுக்கு ஒளிக்கணும்?"

"எனக்கும் புரியலை" என்றாள் போர்டு அக்கா. உண்மையைத்தான் சொன்னாள்.

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து, சுருள் அண்ணனாக வெறுந்தாளுக்கு எழுதினாள்: "தெரியாமல் பார்ப்பதற்கு வழி சொல்லமாட்டோம். நேராகக் கேளுங்கள்."

இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பதில் வந்தது. "கேக்கத் தெரியலை அண்ணே. சண்டை போடவும் தெரியாது. எங்க வீட்டுல அதிகம் பேச்சு இல்ல. எப்படி ஆரம்பிக்கிறது?"

எங்க வீட்டுல அதிகம் பேச்சு இல்ல. எந்த வீட்டைச் சொல்கிறார் என்று இதற்கு மேலும் சந்தேகப்படவேண்டுமா? அவர் எங்கேயோ ஒரு லிப்டு அறையில், கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு, முன்பின் தெரியாத ஓர் அண்ணனிடம் பெண்டாட்டியோடு பேச வழி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அண்ணன் பெண்டாட்டியேதான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பற்றிக் கேட்காதீர்கள். நீ நல்லா இருக்கியா என்று கேளுங்கள்" என்று எழுதினாள். பிறகு சேர்த்தாள்: "அவசரப்படாதீர்கள்."

அதன் பிறகு காத்திருந்தாள். அன்று கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"நீலக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் பார்த்தியா?" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"ரெண்டு நாளா என்னையே பார்க்கிற."

பதில் தயாராகத்தான் இருந்தது. ஆறு வருடக் கதையையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. "ஒண்ணுமில்ல."

"சரி" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை காலை மன்றத்தில் வெறுந்தாள் எழுதியிருந்தார்: "கேட்டேன் அண்ணே. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

இனி என்ன இருக்கிறது? அன்று சர்வீஸ் சென்டரில் அரைநாள் விடுப்பு சொன்னாள். போர்டு அக்கா விடுப்பு கேட்டு யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் காரணம்கூடக் கேட்காமல் தலையாட்டினார். வீட்டுக்குப் போய், கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் பையை இறக்கிவைப்பதற்குள் போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. பார்த்துக்கங்க."

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "என்ன, உடைஞ்சிடுச்சா?"

"விளையாடாதீங்க. எனக்குத் தெரியும். வெறுந்தாள் நீங்கதானே?"

"என்ன தாள்?"

"சுருள் அண்ணன் நான்தான்."

அவர் திருதிருவென்று விழித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. "யாருக்கு அண்ணன்?"

"மன்றத்துல. போனைக் கவுத்து வைக்கிறேன், தனியா சிரிக்கிறேன்னு எழுதினீங்களே. நேரா கேளுங்கன்னு சொன்னது நான்தான். நீங்க கேட்டப்போ ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். தப்புதான். வேற எதுவும் இல்லீங்க. இது ஒரு மன்றம். போன், கணினி, விளையாட்டுன்னு பேசுவாங்க. அவ்வளவுதான். வேலை இல்லாதப்போ சேர்ந்தேன்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "இரு, இரு. நான் எங்கே எழுதினேன்? எனக்கு லிப்டு ரிப்போர்ட் எழுதவே கை வராது. அதையே நீதான எழுதித் தர்ற?"

அவள் நம்பவில்லை. அவர் தன் போனை எடுத்து நீட்டினார். அதில் அலுவலகக் குழு ஒன்று, டார்ச் விளக்கு, வரிசையாக லிப்டுக் கதவுகளின் படங்கள். மன்றம் இல்லை. அவள் போனை அவர் வாங்கி, அவள் திறந்து வைத்திருந்த பக்கத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். சுருள்கம்பியின் பழைய பதிவு ஒன்று. புருவம் ஏறியது.

"யாரு இந்த வீட்டம்மா? டிவி ஓடினாத்தான் தூங்குவாங்களாம்."

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

"நானா?"

அவள் தலையாட்டினாள்.

"வீட்டம்மாவா நானு?" இன்னும் கொஞ்சம் கீழே போனார். "'வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தா ஸ்பேனரைத் துடைப்பாங்க'... அடிப்பாவி, நாப்பது பேர் சிரிச்சிருக்காங்க."

கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. போனை மேசையில் வைத்தார். நிமிர்த்தி வைப்பதா கவிழ்த்து வைப்பதா என்று ஒரு நொடி தடுமாறி, கடைசியில் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்போதுதான் எலிப்பொறியிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

"அண்ணே, பதிவேட்டைப் பார்த்தேன். வெறுந்தாள் விளம்பரக் கணக்குன்னு எழுதியிருக்கீங்க. ஒரு விளம்பரமும் இல்லையே. அப்புறம் அந்த முகவரி உங்க முகவரி. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதில் சொல்லிக்கிறீங்களா?"

ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால் மன்றத்தில் அதைவிடக் கேவலம் வேறில்லை. பதறிப்போய் அடித்தாள்: "இல்லை. அது என் வீட்டுக்காரராக இருக்குமோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன்."

அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாக மூன்று புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. கடைசியில் வந்தது: "அண்ணே, உங்களுக்கு வீட்டுக்காரரா?"

"ஆமாம்."

மறுபடி மூன்று புள்ளிகள். "அண்ணே... நீங்க அக்காவா?"

"ஆமாம்."

"ஆறு வருஷமா!" என்று எழுதினார் எலிப்பொறி. "போன வருஷம் மீசையை எடுக்கலாமான்னு உங்ககிட்ட யோசனை கேட்டேனே! எடுக்கச் சொன்னீங்களே!" கொஞ்சம் கழித்து, ஓரளவு தேறியவராக எழுதினார்: "சரி, அதை விடுங்க. முகவரி ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணுன்னு யார் சொன்னது? இதைப் பாருங்க." கூடவே ஒரு பழைய திரியின் சுட்டி.

அந்தத் திரி மன்றத்தின் முகப்பில் நாலு வருடமாக ஒட்டிவைக்கப்பட்டிருந்தது. 'புதியவர்களுக்கு: ஒரே முகவரி என்றால் ஒரே வீடு என்று முடிவு கட்டாதீர்கள். சிறிய இணைய நிறுவனங்கள் ஒரு வட்டாரத்தில் உள்ள நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரியில்தான் வெளியே அனுப்புகின்றன. முகவரி ஆள் அல்ல.' எழுதியவர்: சுருள்கம்பி.

அவள் அதை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு புது உறுப்பினருக்கும் பாடம் மாதிரி ஒப்பித்த விஷயம். எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அந்த நான்கு எண்களைப் பார்த்த நொடியில் மட்டும் அது எங்கே போயிற்று? அவர்கள் குடியிருப்பு முழுக்க ஒரே நிறுவனத்தின் இணைப்பு. எதிர்க் குடியிருப்பும் அதேதான். அடுத்த தெருவும்.

அப்படியானால் ஒண்ணுமில்லை என்று சொன்ன பெண் வேறொருத்தி. கேட்கத் தெரியாமல் கேட்டவர் வேறொருவர். இந்த நான்கைந்து தெருக்களில் எங்கேயோ.

அவள் எழுதிய விதிகள் அவளையே சுற்றி வளைத்தன. பொய்க் காரணம் எழுதி எட்டிப் பார்த்தவர் ஆறு மாதம் நெறியாளராக இருக்கக்கூடாது. அதைக்கூட எலிப்பொறி தயங்கித் தயங்கித்தான் சொன்னார்; "ஒத்துக்கிறேன்" என்று இவள்தான் முதலில் எழுதினாள். இரண்டாவது விதி கடினமானது. யாருடைய முகவரியைப் பார்த்தோமோ அவருக்கே அதைச் சொல்லவேண்டும். அன்று சாயங்காலம் முழுவதும் அடித்தடித்து அழித்தாள். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி: "உங்கள் முகவரியைக் காரணமில்லாமல் பார்த்துவிட்டேன். உங்களை வேறொருவர் என்று நினைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்."

வெறுந்தாள் உடனே பதில் போட்டார். "முகவரியா? அப்போ எங்க வீடு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியாது. வட்டாரம் மட்டும்தான். என்னுடைய வட்டாரமும் அதுதான்."

"நீங்க எங்க ஏரியாவா?"

அவ்வளவுதான். அவள் அடுத்த வரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் சாம்பல் நிறமானது. கணக்கை அழித்துவிட்டார். அவருடைய திரியும் கூடவே போயிற்று. தான் ஏன் விலகுகிறோம் என்பதை, அண்ணன் இல்லை என்பது உட்பட, அவளே மன்றத்தில் எழுதினாள். பூட்டு விற்கும் கடையில் சாவி கேட்க வந்தவரின் வீட்டைக் கடைக்காரியே எட்டிப் பார்த்துவிட்டாள் என்று யாரோ அரட்டைப் பகுதியில் எழுதினார்கள். அண்ணன் அக்காவான செய்தியில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. முப்பது பேர் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு அண்ணன்தான்" என்று அடம்பிடித்தார்.

கணவர் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. அவர் எப்போதும் அதிகம் பேசாதவர் என்பதால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"என்மேல சந்தேகப்பட்டீங்களா? எப்பவாவது?"

"எதுக்கு?"

"தனியா சிரிக்கிறேன்ல."

"சிரிப்ப. தெரியும். சமையல்கட்டுல, மாடியில, ஒரு தடவை பல் விளக்கிக்கிட்டே."

"தெரியுமா? அப்புறம் ஏன் ஒரு தடவைக்கு மேல கேக்கலை?"

அவர் ஒரு சட்டையின் கையைச் சரியாக மடித்தார். "கேட்டா நிறுத்திடுவியோன்னு."

அவள் துணியைப் பிடித்தபடி நின்றாள். ஆறு வருடம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது நம்பிக்கையா? இல்லை, எப்படியும் இருக்கட்டும் என்ற அலட்சியமா? சந்தேகப்பட்டுக் கேட்கத் துடித்த வெறுந்தாளுக்கு மனைவியின்மேல் அக்கறை அதிகமா, கேட்காமலே விட்ட இவருக்கா? எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் எடை சரியாக நிற்கவில்லை.

"கோபமா?" என்று கேட்டாள்.

"வீட்டம்மான்னு போட்டதுக்குக் கொஞ்சம்." யோசித்தார். "மத்தது எனக்கு என்னன்னே புரியலை. கோபப்படறதுக்குக் கொஞ்சமாவது புரியணும்ல?"

"நீங்களும் மன்றத்துல சேர்ந்துக்கறீங்களா?" கேட்டுவிட்டு, சேர்ந்துவிடுவாரோ என்று அவள் உள்ளுக்குள் பதறியது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும், இயந்திரத்தின் சத்தத்திலேயே பழுது கண்டுபிடிக்கிறவர்.

"வேண்டாம். அது உன்னோடது" என்றார். "ஆனா இனிமே என்னன்னு கேட்டா சொல்லு."

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தார். அவளும் சொல்ல ஆரம்பித்தாள். அது இத்தனை கஷ்டம் என்று இருவருக்குமே தெரியாது.

"என்ன சிரிச்ச இப்போ?"

"ஒண்ணும்... இருங்க, சொல்றேன். இனிமே கடவுச்சொல் வேண்டாமாம், முகத்தைக் காட்டினா போதும்னு ஒரு செய்தி. அதுக்குக் கீழ ஒருத்தர், 'முகத்தை மறந்துவிட்டீர்களா என்ற பொத்தான் எங்கே?'ன்னு கேட்டிருக்கார்."

அவர் காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"முகத்தை எப்படி மறக்க முடியும்?"

"கடவுச்சொல்லை மறந்தா கீழ ஒரு பொத்தான் வரும்ல, மறந்துவிட்டீர்களான்னு? அந்த மாதிரி..." போனில் படித்தபோது மின்னிய வரி, வாயால் சொல்லும்போது ஈரத்துணி மாதிரி தொங்கியது. அவளுக்கே அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று மறந்துவிட்டது.

"இதுக்கு நான் சிரிக்கணுமா?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

"வேண்டாம்."

"சரி."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பகிர்ந்துகொண்டதா பறிகொடுத்ததா என்று புரியாமல் அவள் பக்கத்தைக் கீழே தள்ளினாள். நாலைந்து பதிவுகளைத் தாண்டி வேறொன்றில் அவள் உதடு தானாகப் பிரிந்தது. அவர் தலை திரும்பியது.

"என்ன?" என்றார்.

"இதைச் சொல்றதுக்கு முதல்ல ஒரு பன்னியைப் பத்திச் சொல்லணும்" என்றாள். "அது வைரம் தோண்டும்."

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். மன்றத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. "தெரியலை" என்றாள். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.